பிணம் காத்துக்கிட்டு இருக்கு, நீங்க குடைக்குள்ளயே நில்லுங்க

ஆத்தங்கரையில ஒரு பிணம் கிடைச்சிருக்கு. கொலைகாரன் அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிட்டான். போலீஸ் அக்கா போர்டுல போட்டோ ஒட்டி, நூல் கட்டி, எல்லாத்தையும் கண்டுபிடிச்சாச்சு. இப்போ ஓடிப்போய் அவனைப் பிடிக்கணும்ல? எங்க பிடிக்கிறது, கொரியன் சீரிஸாச்சே, எட்டாவது எபிசோட் வந்துருச்சே! மழை பெஞ்சே ஆகணும். ஒத்தைக் குடை விரியணும். பின்னாடி ஒருத்தர் பியானோவைத் தடவணும். ஒரே முத்தத்தை மூணு ஆங்கிள்ல காட்டணும். கொலைகாரன் பாவம், இவங்க முடிக்கிற வரைக்கும் கடை ஓரமா உக்காந்து ராம்யன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருப்பான் போல.

மருத்துவ சீரிஸ்னா ஆஸ்பத்திரியில காதலிக்கிற கதை. வக்கீல் சீரிஸ்னா கோர்ட்டுல காதலிக்கிற கதை. இந்தக் கிண்டலை நாம கண்டுபிடிக்கல, கொரியாக்காரங்களே சொல்லிச் சொல்லிச் சலிச்சது. கதையோட நாலு படியை அவங்க 'கி-சுங்-ஜொன்-கியொல்'னு சொல்வாங்க: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. அதுல 'முடிவு'ங்கிற கடைசிச் சொல்லைக் கழட்டிட்டு 'யொனே', அதாவது காதல்னு மாட்டி, 'கி-சுங்-ஜொன்-யொனே'ன்னு ஒரு கேலிச் சொல்லே வச்சிருக்காங்க. எங்க தொடங்கினாலும், எப்படித் திரும்பினாலும், போய் முட்டுற சுவர் ஒண்ணுதான்.

காதல் மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல. காதல் கதைன்னு சொல்லிட்டு எடுத்தா, பிடிச்சவங்க பார்க்கட்டும், நாங்க ஒதுங்கிக்கிறோம். கொலை வழக்குன்னு போர்டு மாட்டிட்டு உள்ள கூட்டிப் போய் காதலைப் பரிமாறுறதுதான் எரிச்சல். ஊறுகாய் தொட்டுக்கத்தானே? சோத்துக்குப் பதிலா இலை முழுக்க ஊறுகாயை வச்சா எப்படிச் சாப்பிடுறது?

கணக்குப் போட்டுப் பாருங்க. டிவி சேனல்ல வர்ற சீரிஸுக்கு ரொம்ப காலமா வழக்கமான அளவு 16 எபிசோட். ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம், சமயத்துல அதுக்கும் மேல. வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் எட்டு வாரம். எபிசோடுக்குப் பத்து நிமிஷம்தான் காதலுக்குன்னு வச்சாலே 160 நிமிஷம், ஒரு முழுத் தமிழ்ப்படம்! அந்த நேரம் வானத்துலேர்ந்து குதிக்கல. சாட்சி விசாரணை, வில்லனோட பழைய கதை, ஆபீஸ் அரசியல், இதுலேர்ந்தெல்லாம் பிடுங்கினதுதான். அதனாலதான் பத்து எபிசோட் வரைக்கும் பிரமாதமா போற வழக்கு, கடைசி ரெண்டு எபிசோட்ல அவசரமா, வில்லன் தானே வந்து எல்லாத்தையும் ஒப்பிச்சு முடியுது.

இதுல டைம்டேபிள் வேற. மூணாவது எபிசோட்ல மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு இழுப்பு. அஞ்சுல சோஜு போதையில முதுகுச் சவாரி. எட்டுல முத்தம். பத்துல, அடடா, ரெண்டு பேரும் சின்ன வயசுலயே பார்த்திருக்காங்க! பதினாலுல 'உன் நல்லதுக்காகத்தான் பிரியுறேன்'. பதினாறுல 'ஒரு வருஷத்துக்குப் பிறகு'ன்னு ஒரு கார்டு. இதை மனப்பாடம் பண்ணிட்டா சீரிஸே பார்க்க வேண்டாம்.

இதைவிட வயித்தெரிச்சல், கதாபாத்திரத்துக்கு நடக்குற அநியாயம். முதல் எபிசோட்ல தனியா ஆறு பேரை அடிச்சுப் போட்ட பெண் அதிகாரிக்கு, காதல் வந்ததும் படியில கால் தடுக்கும். துப்பாக்கி சுடத் தெரிஞ்சவளுக்கு ஷூ லேஸ் கட்ட ஆள் வேணும்.

எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ (2022) ஞாபகம் இருக்கா? வூ யோங்-வூவுக்கும் ஜுன்-ஹோவுக்கும் நடுவுல வர்ற காதலைக்கூட ஏத்துக்கலாம். ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணோட காதலை ஊர் எப்படிப் பார்க்குதுங்கிற கேள்வி அதுல இருக்கு, அதனால அதுக்குக் கதையில வேலை இருக்கு. ஆனா 'வசந்த கால வெயில்'னு வூ வாயாலயே பேர் வாங்கின சொய் சூ-யொனை, வூவைக் கவிழ்க்கப் பார்த்த க்வொன் மின்-வூ கூட ஜோடி சேர்க்கப் பார்த்தாங்களே, அது யார் கேட்டது? கொரிய ரசிகர்களே கொதிச்சுப் போனாங்க. நல்ல தோழிங்கிற ஒரே காரணத்துக்காக எல்லாரும் கொண்டாடின பாத்திரம் அது. சும்மா விட்டிருக்கலாம்.

லைஃப் (2018) இன்னொரு சோகம். காதலே இல்லாம ஸ்ட்ரேஞ்சர் எழுதின லீ சூ-யொன்தான் அதையும் எழுதினாங்க. ஆஸ்பத்திரியை லாபக் கணக்கா பார்க்குற நிர்வாகிக்கும் டாக்டர்களுக்கும் நடக்குற மோதல்னு அருமையான களம். அதுக்குள்ள நிர்வாகிக்கும் ஒரு டாக்டருக்கும் காதல் மாதிரி ஒண்ணு ஒட்டாம தொங்கும், சட்டையில பின் குத்தின மாதிரி.

ரிப்ளை 1988 பத்திச் சொன்னா அடிக்க வருவாங்க. பரவாயில்ல. சங்முன்-தோங் சந்துல அஞ்சு குடும்பம், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புற அழகு, அப்பாக்களோட கூச்சம், இதெல்லாம் தங்கம். ஆனா 20 எபிசோடும் 'புருஷன் யாரு'ன்னு ஒரு புதிர் ஓடிக்கிட்டே இருக்கும். கொரியாவே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, 'எப்படியும் புருஷன் நடிகர் ர்யூ ஜுன்-யோல்தான்'ங்கிறதை 'ஒனாம்ர்யூ'ன்னும், 'எப்படியும் தேக்ங்கிற பாத்திரம்தான்'ங்கிறதை 'ஒனாம்தேக்'னும் சுருக்கிச் சண்டை போட்டுச்சு. அம்மாக்களோட கதையைப் பத்தி அந்தச் சத்தத்துல எவன் பேசினான்?

'காதல் இல்லாட்டி ரேட்டிங் வராது'ன்னு ஒரு சால்ஜாப்பு எப்பவும் ரெடியா இருக்கும். ஸ்டவ் லீகைப் பாருங்க சாமி. 2019 டிசம்பர்ல எஸ்பிஎஸ் சேனல்ல தொடங்கினது, 16 எபிசோட். கடைசி இடத்துல கிடக்குற பேஸ்பால் அணிக்குப் புது ஜெனரல் மேனேஜர் வர்றார். அவ்வளவுதான் கதை. வீரர் பரிமாற்றம், வெளிநாட்டு ஆள் தேடல், சம்பளப் பேரம், ஸ்கவுட் ஊழல். மைதானத்துல விளையாடுறதைக்கூட ரொம்பக் காட்ட மாட்டாங்க, மேட்ச் இல்லாத குளிர்கால ஆபீஸ் வேலைதான் மொத்தமும். நம்கூங் மின்னும் பார்க் யுன்-பின்னும் தினம் ஒரே ஆபீஸ்ல இருக்காங்க, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்கல. முதல் எபிசோட் 5.5 சதவீதம், கடைசி எபிசோட் 19.1. கொரியாவோட பெரிய டிவி, சினிமா விருதான பெக்சாங்ல 2020க்கான சிறந்த டிராமாவும் அதுதான். அடுத்த வருஷம் அதே விருது பியாண்ட் ஈவிலுக்கு, அதுக்கு அடுத்த வருஷம் டி.பி.க்கு. ஒண்ணு சின்ன ஊர்ல ரெண்டு போலீஸ்காரங்க ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுற கதை, இன்னொண்ணு ஓடிப்போன சிப்பாய்களைத் தேடிப் பிடிக்கிற ராணுவப் போலீஸ் கதை. மூணும் காதலை நம்பிப் பொழைக்கல. இனிமே யாராவது ரேட்டிங்னு வாயைத் திறக்கட்டும்!

இன்னொரு கூத்தைக் கவனிச்சிருக்கீங்களா? நாயகனைக் காதலிக்காம வச்சிருக்க அவங்களுக்கு ஒரு பலமான சாக்கு தேவைப்படுது. ஸ்ட்ரேஞ்சர்ல (2017) அரசு வக்கீல் ஹ்வாங் ஷி-மோக்குக்குச் சின்ன வயசுல மூளையில ஆபரேஷன் பண்ணி உணர்ச்சியையே எடுத்துட்டாங்க. த ஃபியரி ப்ரீஸ்ட்ல (2019) ஹீரோவைக் கத்தோலிக்கப் பாதிரியாரா ஆக்கிட்டாங்க. கிங்டம்ல ஊரே பிணமா எழுந்து கடிக்குது. மிசெங்ல (2014) வேலைக்குச் சேர்ந்த பையனுக்குத் தூங்கவே நேரம் இல்ல. ஆபரேஷன், குருப்பட்டம், ஜாம்பி, ஓவர்டைம், இந்த நாலுல ஒண்ணு இருந்தாத்தான் மனுஷன் தப்பிக்க முடியும் போல. சும்மா ஒரு ஆம்பளையும் பொம்பளையும் கூட வேலை பார்க்கிறாங்கன்னு எழுதக்கூடாதா?

ஏன் இப்படின்னா, காசுதான். 2010லேர்ந்து சீரிஸுக்குள்ள பொருளைக் காட்டி விளம்பரம் பண்றது அங்க சட்டப்படி சரி. பிணவறையில உக்காந்து சாண்ட்விச் சாப்பிட முடியாது, லிப்ஸ்டிக்கைக் காட்ட முடியாது. ஜோடி வெளிய போனாத்தான் காபிக்கடை, கார், போன், முகத்துல பூசுற க்ரீம் எல்லாம் ஃப்ரேமுக்குள்ள வரும். பார்ட் 1, பார்ட் 2ன்னு வாராவாரம் வெளிவிடுற பாட்டுகளுக்கும் உருகுற காட்சி வேணும். வருஷக் கடைசியில சேனல்கள் கொடுக்குற 'பெஸ்ட் கப்பிள்' விருது வேற. அதோட, கதை 10 எபிசோடுக்குத்தான் தாங்கும்னாலும் ஸ்லாட் 16ன்னா 16தான். மிச்ச ஆறை எதை வச்சு ரொப்புறது? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற காதல்தான் கைவசம் எப்பவும் ரெடி. ஓடிடியில 6, 8, 10ன்னு சுருக்கி எடுக்குறப்போ இந்த வியாதி குறையுறதைப் பார்க்கலாம். டி.பி. சீசனுக்கு 6, ஜுவனைல் ஜஸ்டிஸ் (2022) 10, த ட்ராமா கோட் (2025) 8. ரொப்ப இடமே இல்லாதப்போ ரொப்பலும் இல்ல.

அடுத்த எரிச்சல், 'காதலே இல்லாத கே-டிராமா'ன்னு பட்டியல் போடுற மகராசன்கள். பாதிப் பட்டியல் பொய். சிக்னலை (2016) சேர்க்கலாம், ஆனா முன்கூட்டியே சொல்லிடுங்க: அதுல ராத்திரி 11:23க்குப் பேசுற வாக்கி-டாக்கியைத் தவிர, ஒரு டிடெக்டிவ் இழந்த காதலும், அவரை நினைச்சுக் காத்திருக்கிற ஒரு பெண்ணும் உண்டு. வழக்கைக் கெடுக்காத அளவு. மை மிஸ்டரை (2018) சேர்த்தா, 45 வயசு ஆளும் 21 வயசுப் பெண்ணும்னு கேட்டதுமே பயப்படுறவங்களுக்கு, அது ரெண்டு களைச்ச மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் நிழல் கொடுக்குற கதைன்னு ஒரு வரி விளக்கணும். த குளோரியைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. பழிவாங்கலுக்கு நடுவுல டாக்டர் தம்பி கத்தி எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறார். 'குறைவா இருக்கு'ங்கிறதும் 'இல்ல'ங்கிறதும் ஒண்ணு கிடையாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு அரை ஸ்பூன் சீனிதான்னு சொல்லிட்டு நீட்டுவீங்களா?

அதனால பட்டியலை நம்பாம நீங்களே சோதிச்சுக்குங்க. கொரிய சேனல்கள் ஒவ்வொரு சீரிஸுக்கும் 'இன்முல் க்வான்கேதோ'ன்னு ஒரு உறவுப் படம் வெளியிடுவாங்க. எல்லாப் பாத்திரத்தோட முகமும், நடுவுல அம்புக்குறிகளும் இருக்கும். அந்தப் பேரைத் தமிழ்ல தேடினா வராது. சீரிஸோட கொரியப் பேரைக் காப்பி பண்ணி, அதோட இந்தச் சொல்லையும் கொரிய எழுத்துல போட்டுப் படத் தேடல்ல பாருங்க. மொழி தெரிய வேண்டாம். நாயகன், நாயகி நடுவுல இதயம் இருந்தாலோ அம்பு இளஞ்சிவப்பா இருந்தாலோ முடிஞ்சது கதை. அங்க 'ஜாங்ருமுல்'னு சொன்னா பெரும்பாலும் துப்பறிதல், திகில் வகை. 'மெலோ' (உருகுற காதல்), 'ரோ-கோ' (காதல் காமெடி)ன்னு சொன்னா ஓடிருங்க. ஓசிஎன் சேனலோட பழைய சரக்குல ஜாங்ருமுல் கொட்டிக் கிடக்கு. நடிகரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க, அதே முகம் அடுத்த சீரிஸ்ல பூங்கொத்தோட நிக்கும். எழுத்தாளரைப் பாருங்க. அதுவும் முழு கேரண்டி கிடையாது, மேல சொன்ன லைஃபே சாட்சி.

நெட்ஃபிளிக்ஸ் போஸ்டரை மட்டும் வச்சு முடிவு பண்ணவே கூடாது. ஒரே படத்துக்கு ஆளுக்கு ஏத்த மாதிரி வேற வேற போஸ்டர் காட்டுறதை அவங்களே 2017 டிசம்பர்ல விளக்கி எழுதியிருக்காங்க: காதல் படம் அதிகம் பார்க்குற கணக்குக்கு ஜோடி நிக்கிற காட்சி போகும். வீட்டுல எல்லாரும் ஒரே ப்ரொஃபைல்ல பார்த்தா, தங்கச்சி பார்த்த காதல் சீரிஸுக்கு உங்க திரை பழி சுமக்கும். அஞ்சு ப்ரொஃபைல் வரைக்கும் வச்சுக்கலாம், தனியா ஒண்ணு போடுங்க. ஏற்கெனவே கலந்து போச்சுன்னா, பிரவுசர்ல கணக்குக்குள்ள போய், உங்க ப்ரொஃபைல்ல பார்த்தவை பட்டியலைத் திறந்து, வட்டத்துல கோடு போட்ட அடையாளத்தை அமுக்கினா அந்த எபிசோட் மறையும். மொத்த சீரிஸையும் மறைக்கவான்னு கேட்கும், ஆமான்னு சொல்லுங்க. மாற்றம் தெரிய ஒரு நாள் ஆகலாம்.

இவ்வளவும் பண்ணி, நல்ல வழக்கு ஒண்ணு பாதியில போய்க்கிட்டு இருக்கும்போது காதல் முளைச்சுட்டா? விட்டுட்டுப் போகவும் மனசு வராது. அப்போ காதைத் தீட்டிக்குங்க. வெறும் இசை ஓடுற வரைக்கும் வழக்கு. வரிகளோட பாட்டு வந்தா காதல். பாட்டு தொடங்கினதும் பத்து செகண்ட் பட்டனை அமுக்குங்க. ஆனா ஒரே மூச்சுல பத்து தடவை தட்டிடாதீங்க. எழுதுறவங்க விவரமானவங்க, நாம தள்ளிவிடுவோம்னு தெரிஞ்சே சாட்சியோட போன் கால் அந்தக் காட்சியோட வாலுலதான் வரும். அதைத் தாண்டிட்டா அடுத்த எபிசோட்ல யார் எதுக்கு ஓடுறாங்கன்னே புரியாது. நாலு தட்டு, கொஞ்சம் கேளுங்க. பாட்டு நின்னுருச்சா, விட்டுருங்க. மழைச் சத்தம் இன்னும் கேட்டா, தயவுதாட்சண்யமே வேண்டாம், இன்னும் நாலு தட்டு.