நிலையான முகவரி என்ன சார்?

ரிட்டயர் ஆனதும் வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு, இரண்டு வருஷமாக நானும் மனைவியும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். ஆபீஸ் ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்த குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் வேலையோடு போச்சு. சொந்தமாகப் பாலிசி எடுக்கலாம் என்றால் முதல் கேள்வியே பின்கோடு! பல பாலிசிகளில் ஊரைப் பொறுத்துத்தான் பிரீமியம்; பெருநகரம் என்றால் கூடுதல். மாதத்துக்கு ஓர் ஊரில் இருக்கிறவன் எதைச் சொல்வான்?

மெடிக்கல் டெஸ்ட் அதைவிடக் கொடுமை. நான் ஹரித்வாரில் விடியற்காலை வெறும் வயிற்றோடு காத்திருக்கிறேன். ரத்தம் எடுக்க வந்த பையன் திருச்சியில் தம்பி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "சார், கதவைத் திறங்க" என்கிறான். மூன்று தடவை சொல்லியும் முகவரியை மாற்றவே இல்லை.

65 வயதைத் தாண்டியவர்களுக்கும் பாலிசி தர வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. 2025 செப்டம்பரில் தனிப் பாலிசி பிரீமியத்துக்கான ஜிஎஸ்டியும் போனது. நல்ல விஷயம்தான். ஆனால் மனைவிக்கு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய்க்கு பாலிசியில் பணம் கிடைக்க 3 வருஷம் காத்திருக்கணுமாம். வேலையில் இருக்கும்போதே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறியிருந்தால், குரூப்பில் கழிந்த வருஷங்கள் அந்தக் காத்திருப்புக் கணக்கில் வந்திருக்கும். எச்ஆரில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லையே! அதுதான் வயிறு எரிகிறது.