பத்து வரியில் அஞ்சு எங்கே போச்சு?

"ஃபைல்ல பத்து வரி இருக்கு, அஞ்சுதான் பிரிண்ட் ஆகுது, ஏன்?" நேத்து இங்கே, ஜாவா கத்துக்கிற ஒரு பையன் கேட்டது இவ்வளவுதான். வந்த பதில்களை நீங்களும் பார்த்தீங்க. "பேசிக்கே தெரியாம எதுக்குக் கோடிங்?" "இந்த லைனைக் காப்பி பண்ணிப் போடு, ஓடும்." ஓடும்தான். ஏன் ஓடும்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே.

வைல் லூப்போட கண்டிஷன்ல 'ரீட்லைன்' (ஃபைல்ல அடுத்த வரியைப் படிச்சுத் தர்ற மெத்தட்) கூப்பிட்டு, வந்தது 'நல்' (இனி வரி இல்லைன்னு அர்த்தம்) இல்லையான்னு பார்த்திருக்கான். உள்ளே பிரிண்ட் பண்ற இடத்துல மறுபடி ரீட்லைன். கண்டிஷனைச் செக் பண்ணும்போதே முதல் வரியைப் படிச்சாச்சு. அதைப் பிடிச்சு வைக்க வேரியபிள் இல்ல, போயிடுச்சு. பிரிண்ட் ஆகுறது ரெண்டாவது வரி. பதினோரு வரி இருந்திருந்தா கடைசியில 'நல்'னே பிரிண்ட் ஆகியிருக்கும்.

ஃபார் லூப் கண்டிஷன்ல 'ஐ'ங்கிற எண் பத்தைவிடச் சின்னதான்னு எத்தனை தடவை கேட்டாலும் ஐ மாறாது. ஆனா ரீட்லைனைக் கூப்பிட்டாலே ஒரு வரி நகர்ந்துடும். கண்டிஷனே படிக்குது. ஃபார் லூப்ல பழகி வந்தவனுக்கு இது தானா தோணாதுங்க.

எனக்கும் தோணல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஃபைல் காப்பி பண்ற புரோகிராம் எழுதினேன். 'ரீட்' (ஒவ்வொரு பைட்டா படிக்கிற மெத்தட், ஃபைல் முடிஞ்சா மைனஸ் 1 தரும்) கொடுக்கிறதை 'பைட்' டைப்புக்கு மாத்தி வாங்கி, மைனஸ் 1 வந்தா நிறுத்தச் சொல்லியிருந்தேன். டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் சுத்தமா காப்பி ஆச்சு. ஜேபெக் படம் மட்டும் பூஜ்யம் சைஸ்ல வந்து நின்னுச்சு. ரெண்டு நாள் தூக்கம் இல்ல. "இன்ட்டுன்னு மாத்து"ன்னு சீனியர் சொல்லிட்டுப் போயிட்டார் (இன்ட்டுன்னா பைட்டைவிடப் பெரிய எண் பிடிக்கிற டைப்). ஜேபெக்கோட முதல் பைட்டே 255, அதை ஜாவாவோட 'பைட்' டைப்ல அடைச்சா மைனஸ் 1 ஆயிடும், லூப் வாசல்லயே நின்னுடும். இது எனக்குப் புரிய பல மாசம் ஆச்சு. சொல்லியிருந்தா அவருக்கு ஒரு நிமிஷம்.

"டாக்குமென்டேஷன் படிக்கலாமே"ன்னு வருவீங்க. படிக்கணும், சரி. நேத்து 'ரெடி' மெத்தடைப் போடச் சொன்னவர் படிச்சாரா? அது காத்திருக்காம இப்பவே படிக்க முடியுமான்னுதான் சொல்லும். ஃபைல் முடிஞ்சுதான்னு சொல்லாது. "ஜாவா 8லயே வரிகளை வரிசையா தர்ற லைன்ஸ் மெத்தட் வந்தாச்சே"ன்னு இன்னொருத்தர். அவன் கேட்டது அது இல்லையே!

கத்துக்க வர்றவங்க கிட்ட ஏன் இவ்வளவு கோபம்? நாம எல்லாரும் இதே இடத்துல தடுக்கி விழுந்தவங்கதானே?

காலையில பார்த்தா கேள்வியையே டெலிட் பண்ணிட்டான்.

தம்பி, இதைப் பார்த்தா: கண்டிஷனுக்குள்ளேயே ரீட்லைன் தர்றதை 'லைன்'னு ஒரு வேரியபிள்ல வாங்கு, அதை நல்லோட ஒப்பிடு, உள்ளே அந்த லைனையே பிரிண்ட் பண்ணு. நடுவுல காலி வரி வந்தா பயப்படாதே, அது காலி ஸ்ட்ரிங், நல் இல்ல. இன்னும் சந்தேகம்னா எனக்கு மெசேஜ் பண்ணு, எந்நேரமானாலும்.