அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்

போன ஞாயிறு வாசகர் வட்டத்தில் ஒரு பெண்பிள்ளை தான் எழுதிய கதையை வாசிக்க, ஒரு பெரியவர் அதைக் கேலி செய்து எல்லாரையும் சிரிக்க வைத்தது இங்கே பலருக்கும் தெரியும். எழுதாமல் விட்டுவிடுவோம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்று ஒருவர் அந்தப் பெரியவரின் பேச்சை "நல்ல சூடு" என்று பகிர்ந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அந்தப் பிள்ளை வாசித்தது ஓநாய்மனிதன் வரும் காதல் கதை. பிரான்சின் ஜெவோதான் பகுதியில் நடக்கிறது. அங்கே 1764 முதல் 1767 வரை ஒரு மிருகம் ஆடு மாடு மேய்க்கப் போன சிறுவர்களையும் பெண்களையும் கொன்றது உண்மைச் சம்பவம். பதினைந்தாம் லூயி மன்னர் தன் சொந்த வேட்டைக்காரரையே அனுப்ப வேண்டியிருந்தது. ஓநாயாக மாறும் மனிதன்தான் இதைச் செய்கிறான் என்று பயந்த சனமும் உண்டு. அந்தப் பயத்துக்குள் ஒரு காதலை வைத்திருந்தாள் பிள்ளை. அவன் உருமாறிக் காட்டுக்குள் போய்விட்ட இரவில், அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து அதன் கிழிந்த கைப்பகுதியைத் தைக்கிறாள் அவள், விடியும்போது அவனுக்குக் குளிருமே என்று. அந்த இடத்தில்தான் பெரியவர் குறுக்கிட்டார்: "என்ன பிள்ளை, நாயோட காதலோ? இது வெள்ளைக்காரன்ர குப்பையெல்லே." மண்டபமே சிரித்தது. அவள் ஃபோட்டோகொப்பித் தாளின் மூலையை மடித்து மடித்து நின்றாள். பிறகு வாசித்த இரண்டு பக்கமும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரனுடையதாம். ஐயா, ஊர்க் கோயிலில் கந்தபுராணத்து வள்ளி திருமணப் படலத்துக்கு நீங்கள் பயன், அதாவது பாட்டின் பொருள், சொன்னதைக் கேட்டு நான் கண் கலங்கியிருக்கிறேன். வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவனாகக் கை நீட்டிய முருகனை எவ்வளவு உருக்கமாகச் சொன்னீர்கள். உருவம் மாறி வரும் காதலை எனக்குப் புரிய வைத்ததே நீங்கள்தான்.

கீரிமலைக்குப் போகாத யாழ்ப்பாணத்தார் யார்? குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அங்கே நீராடி முகம் மாறினாள், 'மா' என்றால் குதிரை, அந்த முகம் விட்டுப்போன கதையைத்தான் மாவிட்டபுரம் பெயரில் சுமக்கிறது, பிறகு உக்கிரசிங்கன் அவளை மணந்தான். ஆடி அமாவாசைக்குப் போகும்போது பஸ்ஸில் அம்மம்மா மடியில் வைத்துச் சொன்ன கதை இது. குதிரை முகம் எங்களுக்குச் சரித்திரம், ஓநாய் முகம் மட்டும் குப்பையா?

உடனே வருவார்கள், "சமயத்தையும் இதையும் ஒப்பிடுகிறாயா" என்று. இல்லை. முருகன் எனக்கும் தெய்வம்தான், என் பக்தியை ஒருவரும் அளக்க வேண்டாம். இலங்கையில் ஓநாயே இல்லையே என்றார் இன்னொருவர். கதையே பிரான்சில்தானே நடக்கிறது! மொழியில் பிழை இருந்தது என்கிறீர்கள். இருந்தது, சந்திப் பிழைகள் நானே குறித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் அவள் திருத்தியிருப்பாள். நீங்கள் சொன்னது அதை இல்லையே.

எனக்கு உண்மையில் வலித்தது வெளியே செருப்பு மாட்டும்போது காதில் விழுந்த பேச்சு. "இவ்வளவு இழந்த மண்ணில இதுகளுக்குக் காதல் கதை கேட்குது." எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள்? 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது என் சின்னம்மா பையில் அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அட்டை கிழிந்த ஒரு காதல் நாவலை வைத்திருந்தா. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்தபோது அந்தப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதை வாசித்துக் காட்டினா. சுற்றி இருந்த பெண்களில் இரண்டு பேர் பிள்ளைகளைத் தவறவிட்டு வந்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. "பிறகென்ன நடந்தது, வாசியுங்கோ" என்று கேட்டார்கள். கடைசிப் பக்கம் இல்லாததால் முடிவை சின்னம்மாவே கட்டிச் சொன்னா.

அதனால்தான் சொல்கிறேன், ஞாயிறு நீங்கள் சிரித்தது ஓநாய்க்கு இல்லை. ஒரு பெண்பிள்ளை ஆசையைப் பற்றிச் சபையில் நின்று வாசித்ததற்கு. ஆண் எழுதும் காதல் கவிதைக்கு இதே மண்டபத்தில் கை தட்டியிருக்கிறோம், நானும்தான் தட்டினேன். ஞாயிறு நானும் வாய் திறக்காமல் இருந்தேன், அதுதான் மூன்று நாளாக அரிக்கிறது.

தங்கச்சி, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். 12ஆம் நூற்றாண்டில் மரீ த பிரான்ஸ் என்ற பெண் ஓநாயாகும் ஒரு பிரபுவைப் பாடினாள். அதில் மனைவி அவனுடைய உடுப்பை எடுப்பித்து விடுவாள், அவன் மனிதனாகத் திரும்ப முடியாமல் காட்டில் அலைவான். உன் கதையில் அவள் அதே உடுப்பைத் தைத்து வைக்கிறாள். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா? மிச்சப் பக்கங்களை உள்பெட்டிக்கு அனுப்பு. விடிந்ததும் அந்தச் சட்டை அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.