டியாஸ் கோலைக் கெடுத்தது கருவி அல்ல

இங்கிலாந்துக் கால்பந்தின் டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டத்தில் (2023 செப்டம்பர் 30) லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலை விஏஆர் (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) கருவி ஆஃப்சைடு (பந்து தரப்படும்போது எதிரணித் தடுப்பு வீரர்களைத் தாண்டி முன்னால் நிற்கும் தவறு) என்று தப்பாகக் காட்டிவிட்டது என்கிறீர்கள். இல்லை, நடந்தது வேறு.

ஆஃப்சைடு கொடி தூக்கியது மைதானத்தில் நின்ற உதவி நடுவர். வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தபோது டியாஸ் ஆன்சைடு, அதாவது கோல் செல்லும் என்றே சரியாக வந்தது. கோளாறு அதற்கு அப்புறம்தான். மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அறையில் இருந்த வீடியோ நடுவர் "சரிபார்த்தாயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்த நடுவர்களுக்கு அது ஆஃப்சைடு உறுதி என்று கேட்டது. ரீப்ளே இயக்குபவர்தான் முதலில் சுதாரித்தார், பாவம். அதற்குள் ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கினால், சில விதிவிலக்குகள் தவிர, பழைய முடிவைத் திரும்பப் பார்க்க விதியில் இடமில்லை. நடுவர்களின் அமைப்பே இதை மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டு, சில நாளில் அந்த உரையாடலின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது.

நானும் விஏஆர் ரசிகன் இல்லை. கோல் விழுந்ததும் கத்தலாமா, திரையைப் பார்த்துக் காத்திருக்கலாமா என்று யோசிக்கும் நிலை எரிச்சல்தான். ஆனால் ஆஃப்சைடு கோட்டைக் கருவியே போடும் பாதி தானியங்கி முறை, இந்த ஆட்டம் நடந்த பிரீமியர் லீக்குக்கு (இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடர்) வந்ததே 2025 ஏப்ரலில். அதை 2023 ஆட்டத்தின் குற்றவாளி ஆக்குவது நியாயமா?