ஆனையை விற்றாயிற்று, அங்குசம் மட்டும் தரமாட்டார்களாம்!

நகத்தளவுகூட இல்லை அந்தச் சாமான். அது ஒன்று விரிசல் விட்டதால் மூன்று மாதமாக என் நீராவி இன்ஜின் மாடல் மேஜைமேல் மல்லாந்து கிடக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, கியர் சுற்றுகிறது, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. நடு அச்சின் வலதுபக்கக் கிராங்க், அதாவது அச்சு நுனியில் மாட்டும் குட்டிக் கை, அது மட்டும் காலி.

மற்ற ரக இன்ஜினாக இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. அதில் ராட் மாட்டும் முளையான கிராங்க்பின் சக்கரத்திலேயே இருக்கும், கதை முடிந்தது. என்னுடையது சட்டம் வெளியே இருக்கிற ரகம். சக்கரம் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும். அச்சின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் இறுக்கிச் செருகிய கிராங்கில்தான், அச்சுகளை ஒன்றாகச் சுற்றவைக்கும் கப்ளிங் ராட் தொங்குகிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகுக்கு மயங்கித்தான் வாங்கித் தொலைத்தேன்.

தயாரித்தவர்களைக் கேட்டால், கிராங்க் தனியாகக் கிடையாதாம். சக்கரம், அச்சு, கிராங்க் எல்லாம் சேர்ந்த முழு செட்டாகத்தான் தருவார்களாம். சரி ஐயா, அதையாவது கொடுங்கள் என்றால் அது கையிருப்பில் இல்லையாம். எப்போது வரும்? பதிலே இல்லை.

சரி, வேறு இடத்தில் தேடலாம் என்று இறங்கினேன். எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம்: ‘பெரும்பாலான மாடல்களுக்குப் பொருந்தும்.’ பெரும்பாலான என்றால் எது? என்னுடையது அதில் சேர்த்தியா இல்லையா? ஒரு கிராங்குக்குத் தெரியவேண்டியதே இரண்டு அளவுதான். அச்சு நுழையும் துளை எத்தனை மி.மீ.; துளையின் மையத்திலிருந்து கிராங்க்பின் மையம் வரை எத்தனை மி.மீ. இரண்டே இரண்டு எண்! பளபளவென்று நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துப் போடத் தெரிகிறது, ஒரு வெர்னியரை வைத்து அளந்து எழுதக் கை வரவில்லை.

இது வெறும் நுணுக்கப் பேச்சு இல்லை. நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் செய்த மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ இன்ஜினில் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் ஓட்டம் 24 அங்குலம் என்றால் கிராங்கின் மையத்திலிருந்து பின் மையம் வரை அதில் பாதி, 12 அங்குலம். மாடலில் 4 மி.மீ. ஓட்டம் 26 அங்குலமானால் மாடலில் 4.33. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மற்ற இரண்டு அச்சும் 4-இல் இருக்க, நடு அச்சை மட்டும் 4.33-இல் வைத்துப் பாருங்கள்: பாதிச் சுற்றிலேயே ராட் மாட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் பல மாடல்கள் நிஜக் கணக்குப்படி இருப்பதே இல்லை. அதனால்தான் அளவைக் கேட்டுத் தொண்டை வற்றுகிறது.

முதலில் வந்தது 1/8 அங்குலத் துளை, அதாவது 3.175 மி.மீ. என் அச்சோ 3. குழந்தை கையில் அம்மா வளையல் மாதிரி ஆடியது. ‘பசை போட்டு ஒட்டிவிடு’ என்று ஆலோசனை சொல்ல மட்டும் ஆள் உண்டு. பசை இடைவெளியை நிரப்பும். கிராங்கை நடுவில் நிறுத்துமா?

இரண்டாவது, பழைய துத்தநாகக் கலவை. உலோகத்தில் ஈயம் கலந்துவிட்டால் வருஷம் போகப்போக உள்ளுக்குள்ளேயே அரித்து உப்பிவிடும். விரலால் லேசாக அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது.

மூன்றாவது பொருந்தியது. பிளாஸ்டிக்தான், இருந்தாலும் துளை சரி, தூரம் சரி. அப்பாடா என்று உட்கார்ந்தால், இனிமேல்தான் திருவிழா. இடது வலது கிராங்குகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்கவேண்டும். உண்மையில் 89 ஆனாலும் 91 ஆனாலும் வண்டி ஓடும். மூன்று அச்சிலும் அதே கோணம் இருக்கவேண்டும், அதுதான் சங்கதி. வலதை அழுத்தினால் இடது ஒரு மயிரிழை திரும்புகிறது. இடதைச் சரிசெய்தால் வலது நக்கலாகப் பார்க்கிறது. அச்சுப்பிடிப்புப் பசை வைக்கலாம் என்றால், அது உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு ஆனது. சில பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசலே விடவைக்கும். விரிசலுக்குப் பயந்து மாற்றியதற்கு விரிசல் மருந்தா?

ஒருவழியாக மாட்டி ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு விக்கல். ராட் துளையை அரத்தால் கொஞ்சம் பெரிசாக்கு என்றார் ஒரு நண்பர். மாட்டேன். கோணல் கிராங்குக்காக நல்ல ராடைக் கெடுக்க மனசு வரவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி கழற்றினேன். வலது பக்கம் சமர்த்தாக வந்தது. இடது பக்கம் ‘டிக்’ என்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன், துளையிலிருந்து ஓரம்வரை ஒரு மெல்லிய கோடு.