வேகன் வாங்குங்கள், ஆனால் முதலில் பட்டறையைப் பாருங்கள்

கையில் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, குடும்பத்துக்கு என்ன காடி (கார்) வாங்கலாம் என்று கேட்பவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிறையப் பேர். பாதிப் பேர் மனத்துக்குள் ஒரு பெயரை முடிவு செய்துகொண்டுதான் கேட்கவே வருகிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: வேகன் வாங்குங்கள், அதாவது கூரை கடைசிவரை நீண்டு, பின்கதவு மேலே திறக்கும் காடி; ஆனால் காடியைத் தேடுவதற்கு முன்னால் பட்டறையைத் தேடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக் எந்தக் காடியைத் தயங்காமல் கழற்றி மாட்டுவார், எதற்குச் சாமான் அன்றைக்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் தேடுங்கள். அப்புறம், இருக்கிற பணம் முழுவதையும் காடியின் மேல் போடாதீர்கள்.

தோட்டத்துக் குடும்பத்துக்குக் காடி ஆடம்பரம் என்று இன்னமும் சிலர் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. சுங்கை சிப்புட்டில் கேடிஎம் நிலையம் இருக்கிறது, ஈடிஎஸ் ரயில் நிற்கிறது, எல்லாம் சரி. தோட்டத்திலிருந்து அந்த நிலையத்துக்கு வந்து சேரவே காடி வேண்டுமே. அம்மாவுக்கு ஈப்போ மருத்துவமனையில் காலை எட்டு மணிக்குச் சந்திப்பு என்றால் யாரிடம் போய்க் கேட்பது? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பம் பத்தாயிரம் சேர்க்க எத்தனை ஆசைகளைத் தள்ளிப் போட்டிருக்கும்! அந்தப் பணம் ஒரு தவறான கியர்பாக்ஸில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏன் வேகன் என்று கேட்பீர்கள். நம் வாழ்க்கையில் காடி ஏற்றும் சாமான்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கு அண்டா, கல்யாணத்துக்கு வாழையிலைக் கட்டு, சமையல் கேஸ் தோங் (சிலிண்டர்), பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுகிறவருக்கு மடக்கு மேசை, செம்பனை வைத்திருக்கிறவருக்கு உர மூட்டை, வயதானவர் இருக்கும் வீட்டில் சக்கர நாற்காலி. செடான் காடியின் பின்பெட்டி ஆழமாக இருந்தாலும் வாய் சிறியது, அண்டா நுழையாது. பெரிய வேனில் எல்லாம் நுழையும், ஆனால் தினமும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அதையேதான் ஓட்ட வேண்டும். வேகனில் பின் இருக்கையை மடித்தால் தளம் நீளமாக வருகிறது. பின்கதவு மேலே திறக்கும், ஏற்றும் இடம் தாழ்வாக இருக்கும், இடுப்பு வலிக்காமல் மூட்டையைத் தள்ளிவிடலாம். ஓட்டும்போது சாதாரணக் காடியைப் போலவே வளையும்.

ஆனால் ஒன்று. வேகனில் ஐந்து பேருக்குத்தான் இடம். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போவதை நம் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னால் லாரி வந்து இடித்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். வீட்டில் ஆறு ஏழு பேர் என்றால் வேகனை மறந்துவிட்டு மூன்று வரிசைக் காடியைப் பாருங்கள்.

இனி பணம். பத்தாயிரம் இருந்தால் ஏழாயிரத்துக்குக் காடி தேடுங்கள். மூவாயிரத்தைத் தொடாதீர்கள். இது என் கணக்கு, நீங்கள் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும். பழைய காடியை விற்கிறவர் பெரும்பாலும் அடுத்த பெரிய செலவு வரப்போகிற நேரத்தில்தான் விற்கிறார். டயர் தேய்ந்திருக்கும், பேட்டரி கடைசி மூச்சில் இருக்கும், இஞ்சின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்திருக்கும், அப்சர்பர் கசியும், இஞ்சின் மவுண்டிங் உடைந்து காடி நடுங்கும். வாங்கிய முதல் மாதத்திலேயே இதையெல்லாம் செய்துவிட்டால் அதே பழைய காடி பல வருடம் ஓடும். கையில் காசில்லாமல் தள்ளிப்போட்டால் ஒரு சின்ன ஹோஸ் வெடித்து, இஞ்சின் சூடாகி, ஹெட் கேஸ்கட் போய், கடைசியில் காடியே பட்டறை வாசலில் நின்றுவிடும். அப்படி நின்றுபோன காடிகளைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், எங்கள் ஊர்ப் பட்டறைகளின் பின்பக்கம் போனால் போதும்.

கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் கடன், ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலை வட்டி (முழுக் கடனுக்கும் ஒவ்வோர் ஆண்டும் போடும் வட்டி), ஐந்து ஆண்டு என்றால் வட்டி மட்டும் 2,500. காடிக்கு வயது கூடக்கூட வங்கிகள் கடன் தரத் தயங்கும். தருகிற மற்ற நிறுவனங்கள் இதைவிட அதிகமாகவே கேட்கும். பழைய காடியைக் காசு கொடுத்து வாங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தக் காடி என்பதற்கு வருகிறேன். புரோட்டோனும் பெரோடுவாவும் சரியான வேகனை நமக்குத் தந்ததே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் நம் ஊரில் உண்மையான வேகன் என்றால் பழைய ஜப்பான் காடிகள் அல்லது வோல்வோ.

நிசான் ஏடி ரெசார்ட்டை நான் முதலில் வைப்பேன். தொண்ணூறுகளின் காடி. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இஞ்சின் அந்தக் காலத்து செண்ட்ராவில் வந்த அதே ஜிஏ குடும்பம், டைமிங் பெல்ட் இல்லை, அதற்குப் பதில் செயின், பெல்ட்டைப் போல அடிக்கடி மாற்ற வேண்டாம். செண்ட்ராவைத் தொடாத மெக்கானிக் நம் பக்கம் யார் இருக்கிறார்? என் மாமா ஒருவர் இன்னமும் ஒன்றை வைத்துக்கொண்டு காய்கறி ஏற்றுகிறார். டொயோட்டா கரோலா வேகன் இன்னும் பழையது. நல்ல காடிதான், ஆனால் அதைச் சேகரிக்கிறவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். வேலைக்கு வாங்குகிற நமக்கு அது கட்டாது.

வோல்வோவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசைப்பட்டு விழுகிற இடம் அதுதான். வோல்வோவை அறுபதுகளின் கடைசியிலிருந்தே ஷா ஆலமில் பொருத்தி வருகிறார்கள், அதனால் பழைய வோல்வோ வேகன்கள் நம் நாட்டில் இன்னும் கண்ணில் படுகின்றன. கெட்டி உடம்பு, நல்ல இருக்கை, பின்பக்கம் ஒரு சின்னக் கடையே வைக்கலாம். விலையைக் கேட்டால் நம்ப முடியாது, பழைய பெரோடுவா மைவியைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். அந்த மலிவு சும்மா வந்ததில்லை. 850, வி70 காடிகளின் ஐந்து சிலிண்டர் இஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும். சென்சார் ஒன்று போனால் எங்கள் ஊர்க் கடையில் இருக்காது, கோலாலம்பூரில் பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடைகளைத் தேட வேண்டும். சாலை வரியும் இருக்கிறது. தீபகற்பத்தில் தனியார் சலூன் வகைக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட். 2,000 சிசியைத் தாண்டினால் 380இல் தொடங்கி, கூடும் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு ரிங்கிட். அதாவது 2,400 சிசி என்றால் 780. வோல்வோவை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் உங்களுக்கு நண்பராக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. இல்லையென்றால் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ரிகோனாக, அதாவது வெளிநாட்டில் ஓடிய பிறகு இறக்குமதியாகி வந்த டொயோட்டா கால்டினா, சுபாரு லெகசி வேகன்களுக்கும் இதே பதில்தான்.

வேகன் கிடைக்கவில்லை என்றால் வேகனின் வேலையைச் செய்கிற காடி. 2009 நவம்பரில் வந்த முதல் பெரோடுவா அல்சா எனக்குப் பிடிக்கும். கடைசி வரிசையை மடித்துப் போட்டால் அது வேகன்தான். இஞ்சின் 1.5 மைவியில் வந்த அதே இஞ்சின், செயின், சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஏழாயிரத்துக்கு நல்ல அல்சா கிடைப்பது கடினம், ஆகவே அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். முதல் தலைமுறை டொயோட்டா அவான்சா பின்சக்கர இழுவை. சாமான் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறுகிறவர்களுக்கு அது உதவும். புரோட்டோன் எக்ஸோராவில் இடம் தாராளம், சாமானும் கிடைக்கும். அதன் காம்ப்ரோ இஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசல் பக்கமே போகாதீர்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் மானியம் எடுக்கப்பட்டு லிட்டர் 3.35 ஆனபோது பழைய டீசல் காடி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம்.

காடியைப் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். தே தாரே என்ற பால் தேநீர் போலக் கலங்கி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. ஆட்டோ கியர் என்றால் டியில் போட்டும் ஆரில் போட்டும் பாருங்கள். சற்று நேரம் யோசித்துவிட்டு டமார் என்று இழுத்தால் அந்த கியர்பாக்ஸ் உங்கள் மூவாயிரத்தையும் தின்றுவிடும். ஏர்கோனைப் போட்டு மேடு ஏறுங்கள், வெப்பமானி முள் நகராமல் நிற்க வேண்டும்.

வேகனுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது பின்பக்கம். கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயர் இருக்கும் குழிக்குள் கை விட்டுப் பாருங்கள். பின்கதவு ரப்பர் கிழிந்த வேகனில் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். உரம் ஏற்றிய காடி என்றால் அந்தத் தகரத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சேறு படிந்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காடியோ என்று சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் மண் கறை இருந்தால் அது வெள்ளக் காடி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் மட்டும் எத்தனை காடிகள் மூழ்கிக் கிடந்தன என்று படங்களில் பார்த்தோமே. பின்கதவைத் திறந்து கையை எடுங்கள், மெல்ல இறங்கினால் கேஸ் கம்பி போய்விட்டது. அது சின்னச் செலவுதான், ஆனால் விலை பேச உதவும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது.

வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பாஸ் ஆன காடி என்று விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை தேவையானதுதான். சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதில் முக்கியம். அதனால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. உங்கள் மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். காப்புறுதியையும் முன்பே கேட்டுவிடுங்கள், 15 வயது தாண்டிய காடிக்குப் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தரத் தயங்கும்.

கடைசியாக சம்போங் பாயார். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முன்பணம் கொஞ்சம் கொடுத்து, இன்னொருவர் பெயரில் இருக்கும் கடனை நாம் மாதாமாதம் கட்டுவது. புதுக் காடி கையில் வருகிறதே என்று நம் பிள்ளைகள் எத்தனை பேர் இதில் விழுகிறார்கள்! காடி வங்கிக்குக் கட்டுப்பட்டது, பெயர் வேறொருவருடையது. நீங்கள் தவறாமல் பணம் கொடுத்தாலும் நடுவில் இருக்கிறவர் வங்கியில் கட்டாமல் விட்டால் ஒருநாள் ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வங்கிக்குத் தெரியாமல் காடியைக் கைமாற்றுவது சட்டப்படியும் குற்றம். இருபத்தைந்து வயது தாண்டிய ஏடி ரெசார்ட்டாக இருந்தாலும் கெரானில், அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தில், உங்கள் பெயர் இருக்கட்டும்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் யாராவது ஒரு வேகனைப் பார்த்து வைத்திருந்து, கூட வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிறு காலை என்றால் நான் வருகிறேன். இஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.