பூமித்தாய் அழுதது போதும்

சுற்றுச்சூழல் பற்றி ஓவியம், நாடகம், குறும்படம் என்று எது வந்தாலும் இப்போதெல்லாம் அதில் ஒரு பூமித்தாய் இருக்கிறாள். பச்சை முகம், கூந்தல் முழுக்கக் கிளைகள், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். நாட்டார் கதைகளை வைத்துச் சூழலைப் பேசும் கலை பெருகுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கதையின் வேஷத்தை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் குறை.

சுந்தரவனத்தின் காவல் தெய்வமான வனபீபியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. தோனா என்கிற வசதிக்காரன் தேனும் மெழுகும் எடுக்கப் படகுகளோடு அங்கே போகிறான். ஒரு விதவைத் தாயின் மகனான துக்கே என்கிற ஏழைப் பையனையும் கூட்டிக்கொள்கிறான். புலி உருவில் திரியும் தட்சிண ராய் தோனாவிடம் பேரம் பேசுகிறான்: பையனை எனக்கு விட்டுவிடு, படகு நிறையத் தேனும் மெழுகும் தருகிறேன். தோனா பையனைக் கரையில் விட்டுவிட்டுப் படகைக் கிளப்பிவிடுகிறான். ஆபத்து வந்தால் வனபீபியைக் கூப்பிடு என்று அம்மா சொல்லி அனுப்பியது பையனுக்கு நினைவு வருகிறது. கூப்பிடுகிறான். அவள் வந்து காப்பாற்றுகிறாள்.

இதில் எங்காவது ‘மனிதகுலம் இயற்கையை அழிக்கிறது’ என்ற புலம்பல் இருக்கிறதா? பேராசைப்பட்டவன் யார், அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவன் யார் என்று கதை பெயர் சொல்லிக் காட்டுகிறது. நம்முடைய சுவரோவியங்களிலோ குற்றவாளி ‘நாம் எல்லோரும்’. தேன் தின்றவனும் கரையில் நின்றவனும் ஒரே வரிசையில் நின்று தலைகுனிய வேண்டுமாம்!

அப்புறம், தட்சிண ராயைத் தோற்கடித்த பிறகும் வனபீபி அவனை ஒழித்துக்கட்டுவதில்லை. காட்டில் ஒரு பங்கை அவனுக்கே விட்டுவிடுகிறாள். மனிதர்கள் வரலாம், ஆனால் தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. தேனெடுப்பவர்களும் நண்டு பிடிப்பவர்களும், இந்துவானாலும் முஸ்லிமானாலும், அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கிராமங்களில் இதை நாடகமாகவும் ஆடுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மறுநாள் அதே காட்டுக்குள் போக வேண்டியவராக இருக்கலாம். கலைக்கூடத்தில் பார்க்கிற நமக்கு அந்த பயம் எப்படி வரும்?

வடதுருவத்து இனுயிட் மக்களின் செட்னா கதை இன்னும் கறாரானது. படகிலிருந்து தள்ளப்பட்டு விளிம்பைப் பிடித்துத் தொங்கிய அவளுடைய விரல்களைப் பெற்ற அப்பனே வெட்டிவிடுகிறான். விரல்கள் சீல்களாகவும் திமிங்கிலங்களாகவும் மாறுகின்றன. அவள் கடலடியில் குடியேறுகிறாள். மனிதர்கள் விதியை மீறினால் அந்த அழுக்கு அவள் கூந்தலில் சிக்காகிறது. விரல் இல்லாததால் அவளால் சீவ முடியாது. கோபத்தில் கடல் விலங்குகளையெல்லாம் தன்னிடமே அடைத்து வைத்துக்கொள்கிறாள். பூசாரி ஒருவர் ஆவேசத்தில் கடலடிக்கு இறங்கி அவள் தலையைச் சீவிவிடும் வரை மேலே எல்லோருக்கும் பட்டினி. அழுகிற பூமித்தாயைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். செட்னாவிடம் அது நடக்காது.

அதற்காகப் பழங்கதை எல்லாமே காடு காக்கும் என்று நான் சொல்லவில்லை. கங்கையைத் தாய் என்று கும்பிடுகிற நாட்டில்தான் சாக்கடையும் அவளிடமே போய்ச் சேருகிறது. எதைக் கொட்டினாலும் அவள் தூய்மைப்படுத்திவிடுவாள் என்ற நம்பிக்கையே கொட்டுகிறவனுக்கு வசதியாகிவிடுகிறது. இப்படிப்பட்ட கதையோடு கலைஞர் சண்டை போடத்தான் வேண்டும். நியூசிலாந்தின் வாங்கானுயி ஆற்றை மாவோரி மக்கள் தங்கள் முன்னோராகவே கருதுகிறார்கள். 2017-இல் சட்டமும் அந்த ஆற்றைச் சட்டப்படியான ஒரு நபராக ஏற்றுக்கொண்டது. கதை மட்டும் அதைச் சாதிக்கவில்லை; நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனு, வழக்கு என்று அவர்கள் விடாமல் அலைந்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு கூர்மையான கதைகள் இருந்தும் ஏன் திரும்பத் திரும்ப அந்தப் பச்சை முகமே வருகிறது? எனக்குத் தோன்றுகிற காரணம் பணம்தான். பூமித்தாயின் கண்ணீருக்குக் கீழே எந்த நிறுவனமும் கூச்சமில்லாமல் தன் முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். யாரையும் சுடாது. தோனாவை வரைந்தால், இவன் யார் ஜாடை என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அந்த ஓவியத்துக்கு ஒரு விழாக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள் பார்ப்போம்.